தம்பிக்கு மணம் தெரியவில்லை, முகம் கோணிவிட்டது: அடி எந்த நரம்பில்?

திருகோணமலையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலில் முழுகுகிறவர். நிலாவெளி வீதியில் இரவில் கட்டாக்காலி மாடு குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். ஸ்கேனில் மூளைக்குள் இரத்தக்கசிவு இல்லை, வலது காதெலும்பில், அதாவது காதைச் சுற்றியுள்ள மண்டையோட்டு எலும்பில், ஒரு வெடிப்பு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலாம் நாள் வலப்பக்க முகம் கோணிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு மீன்குழம்பு மணமே தெரியவில்லை என்கிறார். படி இறங்கும்போது படிகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவாம். "மண்டையோட்டு நரம்புகளில் அடி என்கிறார்கள். அவை என்ன, எப்படிச் சோதிப்பார்கள், திரும்ப வருமா, தம்பி எப்போது கடலுக்குப் போகலாம்?" இதுதான் கேள்வி.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது "நாலாம் நாள்" என்பதுதான். அடிபட்ட அந்த நிமிடமே முகம் கோணியிருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம், அல்லது உடைந்த எலும்பு அதை நசுக்கியிருக்கலாம். முதல் மூன்று நாளும் நன்றாகச் சிரித்து, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிய ஒருவருக்கு நாலாம் நாள் முகம் கோணினால் நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்படி வந்தது பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே திரும்பி வரும். ஆகவே முதல் நாள் வார்டில் அவரைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்: சிரித்தபோது வாய் நேராக இருந்ததா, கண் இரண்டும் மூடினவா? அந்தப் பதிலைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மயக்கத்தில் கொண்டுவந்தவரின் முகத்தை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டால், "பிறகுதான் வந்தது" என்று நாமாக நினைத்துக்கொள்வதும் நடக்கும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூளையில் இருந்து முள்ளந்தண்டு வழியாகப் போகாமல், மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் துளைகள் வழியாக நேராக வெளியே வரும் நரம்புகளைத்தான் மண்டையோட்டு நரம்புகள் என்கிறோம். மொத்தம் பன்னிரண்டு சோடி. முன்னிருந்து பின்னாக எண் போட்டிருக்கிறார்கள். முதலாவது மணத்துக்கு, இரண்டாவது பார்வைக்கு. மூன்று, நாலு, ஆறு கண்ணை அசைப்பவை. ஐந்தாவது முகத்தின் உணர்ச்சிக்கும் சப்புவதற்கும், ஏழாவது முகத்தின் அசைவுக்கு, எட்டாவது கேட்பதற்கும் உடலின் சமநிலைக்கும். ஒன்பதும் பத்தும் தொண்டைக்கும் குரலுக்கும், பதினொன்று கழுத்தைத் திருப்பித் தோளைத் தூக்குவதற்கு, பன்னிரண்டு நாக்குக்கு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு துளை, ஒரு பாதை, பக்கத்தில் யார் யார் என்று வைத்திருக்கிறது. ஆகவே எது எது சேர்ந்து கெட்டது, எப்போது கெட்டது என்ற இரண்டும் தெரிந்தால் அடி எந்த இடத்தில் என்று ஸ்கேன் பார்க்காமலே பாதி சொல்லிவிடலாம். உங்கள் தம்பிக்கு மூன்று இடத்தில் அடி இருக்கிறது: மூக்கின் கூரை, மூளைத்தண்டின் பின்பக்கம், வலது காதெலும்பு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சோதிப்பதில்லை. தலையில் அடிபட்டவர்களிடம் அதிகமாகச் சேதமாகும் மண்டையோட்டு நரம்பு இதுதான். ஆனால் வார்டுக் குறிப்பில் "இரண்டு முதல் பன்னிரண்டு வரை சரி" என்று எழுதி முதலாவதை அப்படியே தாண்டிவிடுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். மூக்கின் மேற்கூரையில் சல்லடை போல ஓட்டை ஓட்டையான ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. மண நரம்பின் நூல்கள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. தலை திடீரென்று நிற்கும்போது மூளை முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த நூல்கள் வேரோடு அறுகின்றன. பிடரியில் அடிபட்டாலும் இது நடக்கும். நூல்கள் மிக மெல்லியவை என்பதால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது.

சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத்துவாரத்தை அடைத்து, மற்றதில் கோப்பித்தூள், ஏலக்காய், சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பிறகு மற்றப் பக்கம். சித்தாலேப, விக்ஸ், கற்பூரம் வேண்டாம். அவை ஐந்தாவது நரம்பை உறுத்தும், மணம் தெரியாதவரும் "ஏதோ ஏறுது" என்று சொல்லிவிடுவார். தம்பி சாப்பாட்டில் ருசி இல்லை என்றும் சொல்லியிருப்பார். நாக்கில் ஒரு துளி சீனித்தண்ணீரும் உப்புத்தண்ணீரும் வைத்துப் பாருங்கள். இனிப்பும் உப்பும் தெரிந்தால் நாக்கு ஓரளவு சரி, போனது மணம்தான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை.

திரும்பி வருமா என்றால், அடிபட்டு மணம் போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஓரளவாவது திரும்புகிறது. வருவது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். மணப்பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, செய்யச் சொல்கிறேன். ரோஜா, யூக்கலிப்டஸ், தேசிக்காய், கராம்பு என்று நாலு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் அரை நிமிடம் வரை மெதுவாக முகர்ந்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்கு விடாமல் செய்யவேண்டும். பன்னீரும் தைலமும் கராம்பும் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு, செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. இடையில் நல்ல மணம் கெட்ட நாற்றமாகத் தெரியத் தொடங்கலாம். அது தொல்லைதான், ஆனால் நரம்பு முளைக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாகவும் இருக்கும்.

இன்னொன்று, இது அவசரம். அதே சல்லடை எலும்பு உடைந்திருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகக் கசியலாம். குனிந்தால் ஒரு பக்க மூக்கில் இருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் அதைத் தடிமன் என்று விட்டுவிட வேண்டாம். மூக்கைச் சிந்தக் கூடாது, பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது. அந்தக் கசிவு வழியாகக் கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி இரண்டாகத் தெரிவது அநேகமாக நாலாவது நரம்பு. பன்னிரண்டிலும் மிக மெல்லியது இது. மூளைத்தண்டின் பின்பக்கத்தில் இருந்து புறப்படும் ஒரே மண்டையோட்டு நரம்பும் இதுதான். பின்னிருந்து சுற்றி முன்னே வருவதால் தலை குலுங்கும்போது எளிதாக அடிபடுகிறது. கண்ணைக் கீழே இறக்கும் ஒரு தசையை இது இயக்குவதால் படி இறங்கும்போது, பத்திரிகை வாசிக்கும்போது, தட்டில் சோற்றைப் பார்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரியும், ஒன்று சற்றுச் சாய்ந்தும் இருக்கும். தம்பி தலையை ஒரு தோள்பக்கம் சாய்த்துவைத்துக்கொண்டு பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கழுத்து வலி என்று நினைப்பீர்கள், ஆனால் இரட்டைப் பார்வையைத் தவிர்க்கத் தானாகவே அப்படிச் சாய்க்கிறார். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா என்பதையும் பாருங்கள். மறைந்தால் இரண்டு கண்ணும் ஒத்து அசையவில்லை என்று பொருள், நரம்புப் பக்கம் தேட வேண்டும். ஒரு கண்ணை மூடியும் இரட்டை போகவில்லை என்றால் குறை திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணசைவைச் சோதிக்கும்போது தலையை அசைக்காமல் விரலைப் பின்தொடரச் சொல்வார்கள். விரல் இடம், வலம், இரு ஓரத்திலும் மேல், கீழ் என்று போகும். நாலாவது நரம்பு அடிபட்டவர்களில் பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சரியாகும். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை காத்திருந்து, அதன் பிறகும் இருந்தால்தான் கண்ணாடியில் இரட்டையை ஒன்றாக்கும் பிரிசம் வில்லை வைப்பது, சத்திரசிகிச்சை என்று கண் வைத்தியர் யோசிப்பார். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் கண்டிப்பாகக் கூடாது.

மூன்றாவது நரம்பு தம்பியின் கணக்கில் இல்லை. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் உயிர் காப்பது இதைப் பார்ப்பதுதான். கண்ணின் பெரும்பாலான தசைகள், மேலிமையைத் தூக்குவது, கண்மணியைச் சுருக்குவது எல்லாம் இதன் வேலை. கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்பக்கமாக ஓடுகின்றன. மண்டைக்குள் இரத்தம் கட்டி மூளையைத் தள்ளும்போது முதலில் நசுங்குவது அந்த வெளியிழைகள்தான். ஆகவே தலையில் அடிபட்டவரின் ஒரு கண்மணி பெரிதாகி டோர்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போனால், அதோடு தூக்கக் கலக்கமும் வாந்தியும் சேர்ந்தால், நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய நிலைமை. வார்டில் தாதிமார் இரவெல்லாம் எழுப்பி எழுப்பிக் கண்ணுக்குள் டோர்ச் அடிப்பது இதற்குத்தான், தயவுசெய்து கோபிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும்போது நடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சீனி வருத்தத்தால் மூன்றாவது நரம்பு செயலிழந்தால் பெரும்பாலும் கண்மணி தப்பிவிடும். இமை விழுந்திருக்கும், கண் அசையாது, ஆனால் கண்மணி சுருங்கும். அது சில மாதங்களில் சரியாகும். விபத்தே இல்லாமல் கடும் தலைவலியோடு இமை விழுந்து கண்மணி பெருத்தால் மூளை நாளம் ஒன்று பலூன் போல வீங்கியிருக்கக்கூடும், அதுவும் அதே அளவு அவசரம்.

கந்தளாய், தம்பலகாமம், மூதூர் பக்கம் வயலோரத்தில் இருப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல். பாயில் படுத்து உறங்கியவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்பி, இரண்டு இமையும் விழுந்து, விழுங்கவும் முடியாமல் இருந்தால் அது நரம்பில் அடி அல்ல. கட்டு விரியன் கடித்திருக்கலாம். கடித்த இடம் தெரியாமலே இருக்கும். விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை அடைத்துவிடுகிறது, அது முதலில் தெரிவது இமையிலும் கண்ணிலும் தொண்டையிலும். அடுத்தது மூச்சு. கயிறு கட்டாமல், கீறாமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறாவது கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஒரே வேலைக்காரன். மண்டைக்குள் அழுத்தம் கூடினாலே போதும், இது நின்றுவிடும். இரண்டாவது நரம்பைச் சோதிக்கப் பலகையில் எழுத்து வாசிக்கச் சொல்வார்கள், நிறம் கேட்பார்கள், டோர்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். புருவத்தில் பலமாக அடிபட்டவருக்கு அந்தக் கண்ணின் பார்வை உடனே போகக்கூடும். முகம் வீங்கி இமை திறக்க முடியாமல் இருக்கும்போது அது தெரியாமலே போய்விடும். இமையை மெதுவாகத் திறந்து பார்வையைக் கேட்பது முதல் நாளே செய்ய வேண்டியது.

ஐந்தாவதை நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று இடத்தில் பஞ்சு தொட்டுப் பார்ப்பார்கள், பல்லைக் கடிக்கச் சொல்லித் தசையைத் தொடுவார்கள். கன்ன எலும்பு உடைந்தவருக்குக் கன்னமும் மேலுதடும் மேல் முரசும் விறைத்துப்போவது இதன் கிளை ஒன்று நசுங்குவதால். அடி தவிர, இதே நரம்பில் வரும் ஒரு நோவைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. முகத்தின் ஒரு பக்கம் மின்சாரம் அடித்த மாதிரி, நொடிக்கணக்கில், முகம் கழுவினாலோ பல் தீட்டினாலோ வெட்டிவிட்டுப் போகும். பல்வலி என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கார்பமசெப்பின் என்ற மாத்திரை இருக்கிறது, பலருக்கு நன்றாகக் கேட்கும்.

இனி உங்களை அதிகம் கவலைப்படுத்தும் முகம். ஏழாவது நரம்பு காதெலும்புக்குள் ஒடுங்கிய ஒரு எலும்புக்குழாய் வழியாக வளைந்து வளைந்து வருகிறது. வீங்கினால் விரிய இடமில்லை, அதனால் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. புருவத்தைத் தூக்கச் சொல்வது, கண்ணை இறுக்கி மூடச் சொல்வது, கன்னத்தை ஊதச் சொல்வது, பல் தெரியச் சிரிக்கச் சொல்வது, இவைதான் சோதனை. நெற்றி மிக முக்கியம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்தில் இருந்தும் கட்டளை வருகிறது, ஆகவே பாரிசவாதத்தில் வாய் கோணினாலும் புருவம் தூக்க முடியும். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் அடி நரம்பிலேயே. இதே நரம்பு நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவையும், கண்ணீரும், உமிழ்நீரில் ஒரு பகுதியும் தருகிறது. காதுக்குள் பெரிய சத்தத்தைத் தணிக்கும் ஒரு குட்டித் தசையும் இதன் பொறுப்பு. அதனால் அந்தப் பக்கக் காதில் சத்தம் உறைத்துக் கேட்கிறது என்றும் தம்பி சொல்லலாம்.

விபத்தே இல்லாமல் திடீரென்று வரும் முகவாதத்தை நம் ஊரில் "காத்துப் பட்டது" என்பார்கள், பஸ் ஜன்னலோரம் இருந்ததைக் குற்றம் சொல்வார்கள். காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 72 மணித்தியாலத்துக்குள் பிரட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரையைத் தொடங்கினால் குணமாகும் வாய்ப்புக் கூடுகிறது, காற்றைக் குறைசொல்லிக்கொண்டு எண்ணெய் தேய்ப்பதில் அந்த மூன்று நாளும் போய்விடுகின்றன. காதுக்குள் கொப்புளமும் கடும் நோவும் இருந்தால் அது அக்கி வைரசு, வேறு மருந்தும் சேர்க்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு இப்போது எல்லாவற்றையும்விட அவசரம், முகம் கோணிய பக்கத்தில் சரியாக மூடாத கண். வைகாசியில் இருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில், மணலும் சூடும் சேர்ந்து, மூடாத கண்ணின் கருவிழியை ஓரிரு நாளில் புண்ணாக்கிவிடும். முகம் மூன்று மாதத்தில் திரும்பினாலும் கருவிழியில் விழுந்த தழும்பு போகாது. பகலில் மணிக்கொருதரம் செயற்கைக் கண்ணீர்த் துளி, வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி, இரவில் கண் களிம்பு போட்டு இமையை மெதுவாக மூடி ஒட்டுத்துணியால் ஒட்டுதல். சிவந்தாலோ நொந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் வைத்தியரைப் பாருங்கள். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டால் கண் சிமிட்டுகிறதா என்று வைத்தியர் பார்ப்பது ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் சேர்ந்த சோதனை. ஐந்தாவதும் கெட்டிருந்தால் கண்ணில் தூசி விழுந்ததே தெரியாது, ஆபத்து இரட்டிப்பு.

வீக்கம் மட்டும் என்றால் சில வாரங்களில் அசைவு தொடங்கும். இழைகள் செத்து மறுபடி முளைக்க வேண்டியிருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், மாதங்கள் ஆகும். அப்படி முளைப்பவை சில நேரம் வழிமாறிப் போகும்: சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும், சிலருக்குச் சாப்பிடும்போது கண்ணீர் வடியும். கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் முகப்பயிற்சி நல்லது. முகத்தில் கரண்ட் வைத்துத் தசையைத் தூண்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்று வாரத்தில் துளியும் அசைவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் நரம்புச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

எட்டாவதையும் சோதித்தார்களா என்று கேளுங்கள், காதெலும்பு வெடிப்பில் ஏழும் எட்டும் பக்கத்துப் பக்கமாகத்தான் கிடக்கின்றன. 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்து எந்தக் காதில் சத்தம் என்று கேட்பார்கள். நடுக்காதில் இரத்தம் தேங்கியிருந்தால் அடிபட்ட காதுப்பக்கமே கேட்கும், அது வாரங்களில் வடிந்துவிடும். நல்ல காதுப்பக்கம் கேட்டால் உட்காதில் சேதம், அது பெரும்பாலும் நிரந்தரம். படுக்கையில் புரளும்போது சில விநாடி மட்டும் தலை சுற்றினால் உட்காதின் துணிக்கைகள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அதைச் சரிசெய்யும் முறை வைத்தியருக்குத் தெரியும்.

மிச்சம் நாலையும் சுருக்கமாகச் சொல்கிறேன். "ஆ" சொல்லும்போது அண்ணம் நல்ல பக்கம் இழுபடும், நாக்கை நீட்டினால் கெட்ட பக்கம் சாயும். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் ஒரே துளை வழியாக வருவதால் சேர்ந்தே கெடும்: தண்ணீர் குடித்தால் மூக்கால் வரும், குரல் கம்மும், தோள் தொங்கும். கழுத்துக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்தவருக்குத் தோள் தூக்க முடியாமல் போனாலோ, தைரோயிட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் அடைத்தாலோ இந்த வரிசையில்தான் தேட வேண்டும்.

கடலுக்குப் போவது பற்றி. முகம் நேரானதும் போகலாம் என்று தம்பி நினைப்பார். முகம் இங்கே அளவுகோல் அல்ல. காதெலும்பு வெடித்தவர் ஆழத்தில் காதழுத்தத்தைச் சமப்படுத்தும்போது உட்காது கிழியலாம். அடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஓடியோகிராம் என்ற கேட்கும் சோதனை எடுத்து, காது வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சிலிண்டர் கட்டக் கூடாது, மூச்சடக்கி முழுகவும் கூடாது. மணமும் இதில் சேர்கிறது. கொம்ப்ரசரில் காற்று நிரப்பும்போது எஞ்சின் புகை உள்ளே போயிருந்தால் முழுகுகிறவர்கள் பெரும்பாலும் மணத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். மணம் தெரியாதவர் அந்தக் காற்றை அப்படியே இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். மணம் திரும்பாவிட்டால், தம்பியின் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் கூடப் போகும் இன்னொருவர் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.